மறக்க முடியாத நாளுக்கான நிகழ்ச்சி நிரல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. காலப்போக்கில் குளிர்சாதனப் பெட்டியையும் கண்டுபிடித்தது. ஆனால் குடும்ப நினைவுகளை முன்கூட்டியே திட்டமிட்டு, தரக்கட்டுப்பாட்டோடு, உரிய தேதியில் உற்பத்தி செய்ய முடியும் என்று கண்டுபிடித்த பெருமை, சிங்கப்பூரின் செங்காங்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பன்னிரண்டாம் தளத்தில் வசிக்கும் திரு. ஞானசேகரனையே சாரும். அவர் அடக்கமானவர், வெளியே சொல்லிக்கொள்ளமாட்டார். ஆகவே நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஞானசேகரன் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் 'செயல்முறை மேம்பாட்டு' அதிகாரி. ஓர் அட்டைப்பெட்டியை மூடி ஒட்டுவதற்கு ஆகும் நேரத்தில் பதினொரு விநாடியைக் குறைத்தவர். மிச்சமான பதினொரு விநாடியை நிறுவனம் என்ன செய்தது என்று தெரியவில்லை. அவருக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அது வரவேற்பறை அலமாரியில், மகள் ரக்ஷனாவின் பாலர் பள்ளிப் படத்தைப் பாதி மறைத்தபடி நிற்கிறது.

ரக்ஷனாவுக்குப் பதினொரு வயது. தொடக்கநிலை ஐந்து. அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. சிங்கப்பூரில் ஒரு பிள்ளை தொடக்கநிலை ஐந்துக்கு வந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் சத்தமாகத் தும்முவதுகூட இல்லை. ரக்ஷனாவும் சனிக்கிழமைதோறும் தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் இயங்கும் மாசிலாமணி சாரின் துணைப்பாட நிலையத்துக்குத் தமிழ் படிக்கப் போய்வந்தாள்.

அங்கிருந்துதான் மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அழைப்பு வந்தது. பெற்றோர் இருவரும் நேரில் வர வேண்டும் என்றார் மாசிலாமணி. தொலைபேசியில் பேசக்கூடிய விஷயமில்லையாம். ரயிலில் போகும்போது ஞானசேகரனின் மனைவி அனிதா, பிள்ளை யாரையாவது அடித்துவிட்டாளோ, யாரிடமாவது அடி வாங்கிவிட்டாளோ என்று கோவன் நிலையம் வரை கவலைப்பட்டாள். அதற்குமேல் கவலைப்பட ஏதும் தோன்றாமல் கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

மாசிலாமணி ஒரு தாளை எடுத்து மேசைமேல் மெதுவாக வைத்தார், மருத்துவர்கள் எக்ஸ்ரே படத்தை வைப்பதுபோல. தலைப்பு: 'என் குடும்பத்தோடு கழித்த மறக்க முடியாத நாள்'. அதற்குக் கீழே ரக்ஷனாவின் குண்டு குண்டான எழுத்தில் இரண்டே வாக்கியங்கள்.

'அப்படி ஒரு நாள் எனக்கு இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.'

"எழுத்துப்பிழை இல்ல," என்றார் மாசிலாமணி. "அதுதான் எனக்குக் கவலையா இருக்கு."

ஞானசேகரன் உடனே கைப்பேசியை எடுத்து ஆதாரங்களை முன்வைத்தார். மகள் பிறந்ததிலிருந்து நாற்பத்தோராயிரம் படங்கள். ஹொக்கைடோ பனி, பென்குவின், ஒட்டகம், மூன்று கண்டங்களின் ஐஸ்கிரீம். 'சிரிப்பு' என்று தட்டினால் அவள் சிரிக்கும் படங்கள் மட்டும் தனியாக வரும் என்றும் செய்து காட்டினார். மாசிலாமணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் மார்க் கிடையாது என்றார். பிறகு தம்முடைய மாதிரிக் கட்டுரைக் கோப்பைத் திறந்தார்.

"மறக்க முடியாத நாள்னா கடற்கரை. கடற்கரைன்னா ஒரு சின்னப் பையன் தண்ணியில தத்தளிக்கணும். நம்ம மாணவர் குதிச்சுக் காப்பாத்தணும். கடைசியில அம்மா கண்ணுல ஆனந்தக் கண்ணீர். உவமை ரெண்டு, பழமொழி ஒண்ணு. அவ்வளவுதான்."

இந்த முறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவருடைய மாணவர்கள் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் காப்பாற்றிய சிறுவர்களின் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டும். இவ்வளவு நடந்த பிறகும் அந்தக் கடற்கரையில் உயிர்காப்பாளர்களை எதற்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது நமக்குப் புரியவில்லை.

ஞானசேகரன் ஏற்கவில்லை. தன் மகள் பொய் எழுதக்கூடாது என்பது அவருடைய கொள்கை. வீட்டுக்கு வந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஹொக்கைடோவில் பனியில் விளையாடியதுகூடவா ஞாபகம் இல்லை என்று கேட்டார்.

"இருக்குப்பா. நான் வழுக்கி விழுந்தேன். வீடியோ சரியா வரல, இன்னொரு தடவை விழுன்னு சொன்னீங்க. நாலு தடவை விழுந்தேன்."

வேறொரு தகப்பனாக இருந்தால் அந்த இடத்தில் சற்றுக் கூசியிருப்பார். ஞானசேகரன் நிர்வாகம் படித்தவர். இது உற்பத்திக் குறைபாடு என்பதும், மூலப்பொருள் இருக்கிறது, செயல்முறைதான் சரியில்லை என்பதும் அவருக்கு நொடியில் விளங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் கூட்டம் கூடியது. வந்திருந்தோர் மூவர். வர இயலாமைக்கு வருத்தம் தெரிவித்தோர் எவருமில்லை. ஜூன் விடுமுறையின் இரண்டாம் சனிக்கிழமையை மறக்க முடியாத நாளாக அறிவிக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதாவது ஞானசேகரனின் மனது. நிகழ்ச்சி நிரலை அவர் வண்ணத்தில் அச்சடித்து வந்திருந்தார். காலை ஏழரைக்குப் புறப்பாடு. ஒன்பது மணிக்குக் கடற்கரை. பத்து வரை சைக்கிள். பத்து முதல் பத்தேகால் வரை 'தன்னிச்சையான சிரிப்பு'. அதன்பின் அரைமணி நேரம் 'மனம்விட்டுப் பேசுதல்', தலைப்பு பின்னர் அறிவிக்கப்படும். மழை வந்தால் பக்கத்துக் கடைத்தொகுதியில் 'மாற்று மகிழ்ச்சி'.

இதில் கழிப்பறைக்கு எப்போது போவது என்று அனிதா கேட்டாள். நல்ல யோசனை என்று பாராட்டி, சிரிப்பிலிருந்து ஐந்து நிமிடத்தை அதற்கு ஒதுக்கினார். ரக்ஷனாவும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க போன் பார்க்காம இருப்பீங்களாப்பா?"

ஆவணப்படுத்துவதற்கு மட்டும்தான் பார்ப்பேன் என்று அவர் உறுதியளித்தார்.

அந்தச் சனிக்கிழமை ஏழரைக்கு மூவரும் மின்தூக்கியில் ஏறினார்கள். அனிதா கையில் புளிச்சோறும் சம்பால் இறாலும், ரக்ஷனா கையில் சுருட்டிய பாய், ஞானசேகரன் கையில் நிகழ்ச்சி நிரல். ஒன்பதாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் மின்தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு எரிந்தது. விசிறி நின்றுவிட்டது. அவசரப் பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல் வந்து, பழுது பார்ப்பவர் புறப்பட்டுவிட்டார், கொஞ்ச நேரமாகும், தயவுசெய்து பதற்றப்படாமல் இருங்கள் என்றது.

ஞானசேகரன் பதற்றப்படாமல் இருந்தார். ஏறக்குறைய ஒரு நிமிடம்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். அவருக்குச் சிறுவயதிலிருந்தே அடைபட்ட இடமென்றால் பயம். திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகளில் அனிதாவுக்குக்கூடத் தெரியாது. மின்தூக்கியில் அவர் எப்போதும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நிற்பதை அக்கம்பக்கத்தார் வேலைப்பளு என்று நினைத்து மரியாதை கொடுத்துவந்தார்கள். இப்போது கைப்பேசியில் சிக்னல் இல்லை. சட்டை முதுகில் ஒட்டியது. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் சரிந்தார்.

"அனிதா, காத்து வரல. காத்தே வரல."

அனிதா திகைத்துப்போய் நிகழ்ச்சி நிரலை எடுத்து விசிறினாள். அந்தத் தாளுக்கு அன்று கிடைத்த ஒரே உபயோகம் அதுதான். ரக்ஷனா பாயைப் போட்டு அப்பாவின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல பாருங்கப்பா. ஓட்டை ஓட்டையா இருக்குல்ல, அது வழியா காத்து வருது லா. நான் நாலு எண்ணுறேன், மூச்சு இழுங்க. திரும்ப நாலு எண்ணுவேன், விடுங்க. ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்தாங்க."

அவள் எண்ணினாள். அவர் இழுத்தார், விட்டார். இருபது முறைக்குப் பிறகு அவர் முகத்துக்கு நிறம் வந்தது. வெட்கமும் வந்தது. அனிதா புளிச்சோற்று டப்பாவைத் திறந்தாள். அந்த மூன்றடி இடத்தில் பாயின்மேல் முட்டி இடிக்க உட்கார்ந்து, ஒரே டப்பாவிலிருந்து மூவரும் கையால் சாப்பிட்டார்கள். சம்பால் உறைத்தது. அப்போதுதான் அனிதா, வீட்டில் சொல்லக்கூடாது என்று தடைவிதிக்கப்பட்டிருந்த கதையை எடுத்தாள். ரக்ஷனா பிறந்த அன்று பிரசவ அறையில் அப்பா மயங்கி விழுந்ததும், ஓடிவந்த தாதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து இதில் நோயாளி யார் என்று கேட்டதும். ரக்ஷனா புரண்டு சிரித்தாள். லிஃப்ட் ஆடுகிறது, சிரிக்காதே என்று அவர் கெஞ்ச, அவள் மேலும் சிரித்தாள். நிகழ்ச்சி நிரலின்படி சிரிப்புக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

அவர் மயங்கி விழுந்த பிறகு நடந்ததை அனிதாவே அறியமாட்டாள். அதை ஞானசேகரன் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் குழந்தையைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்களாம். எழுந்து நின்றால் திரும்ப விழுந்துவிடுவோமோ என்று பயந்து, மருத்துவமனை நடைபாதைத் தரையிலேயே ஒரு மணி நேரம் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாராம். தாலாட்டு ஏதும் தெரியாதாம். தெரிந்ததைச் சொன்னாராம்.

"என்ன சொன்னீங்க?"

"நம்ம வீட்டுக்குப் போற ரயில்ல வர்ற ஸ்டேஷன் பேரெல்லாம். ஃபேரர் பார்க், பூன் கெங், போத்தோங் பாசிர், வூட்லீ..."

"இப்ப சொல்லுங்கப்பா. முதல்லேர்ந்து."

சொன்னார். செங்காங் வந்ததும் அவள் மறுபடி முதலிலிருந்து கேட்டாள். நாலாவது தடவை சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. யாரும் அதைப் படம் எடுக்கவில்லை.

ஒரு மணி பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து ஏணி போட்டு அவர்களை வெளியே எடுத்தார்கள். வெளியே வந்த மறுகணம் சிக்னல் வந்தது. இருபத்துமூன்று அலுவலகச் செய்திகளும் வந்தன. மழையும் வந்தது. ஞானசேகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைய கூட்டக் குறிப்பில் பின்வருமாறு பதிவாகியிருக்கிறது: 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக மறக்க முடியாத நாள் ஒத்திவைக்கப்பட்டது.'

ஆனால் ரக்ஷனா அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டாள். நான்கு பக்கம். யாரும் எழுதச் சொல்லவில்லை. விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கியதும் அதை மாசிலாமணியிடம் கொடுத்தாள். அவர் மறுபடியும் ஞானசேகரனை நேரில் அழைத்தார்.

"கடற்கரை இல்ல. உவமை இல்ல. ஆபத்துல மாட்டினது அப்பா, காப்பாத்துறது பிள்ளை. தேர்வாளர் இதை எப்படிச் சார் எடுத்துக்குவாரு? அப்பா அழுறதா வேற எழுதியிருக்கா. வர்ற மாசம் நம்ம நிலையத்தோட கட்டுரைப் போட்டி இருக்கு. இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுறது?"

ஞானசேகரன் அந்த நான்கு பக்கங்களை வாங்கி வாசித்தார். எழுத்துப்பிழைகள் நிறைய இருந்தன. மூன்றாம் பக்கத்தில் ஓரிடம்: 'அப்பாவின் கை ஐஸ் மாதிரி இருந்தது. நான் விடவில்லை. அப்பா எல்லா ஸ்டேஷனையும் சொன்னார். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் அங்கிள் இன்னும் கொஞ்சம் மெதுவாக வந்தால் நல்லது என்று நினைத்தேன்.' அவர் அதை இரண்டு முறை வாசித்தார். கீழே துணிக்கடையில் யாரோ தள்ளுபடி விலையை ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். போட்டிக் கட்டுரைகள் நூலாக வரும், அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதும் அவர் நினைவுக்கு வந்தது.

"இதுக்கு எத்தனை மார்க் வரும் சார்?"

"நாப்பதுக்கு இருபத்திரண்டு. தாராளமாப் போட்டா."

"கடற்கரைக்கு?"

"முப்பத்தேழு."

அட்டைப்பெட்டியில் பதினொரு விநாடியை மிச்சம் பிடித்தவருக்கு இந்தக் கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்? பொய் எழுதக்கூடாது என்ற கொள்கையை அவர் கைவிடவில்லை, ஒத்திவைத்தார். அன்றிரவு சாப்பிடும்போது, லிஃப்ட் கதை ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆனால் போட்டிக்குக் கடற்கரையே எழுதிவிடம்மா என்றார். ரக்ஷனா தட்டிலிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். பிறகு, சரிப்பா என்றாள். அனிதா பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கை கழுவினாள்.

பொன்னிறக் கதிர்களைப் பரப்பிக்கொண்டு ஆதவன் எழுந்தான். அலைகள் தாலாட்டின. ஒரு சிறுவன் தத்தளித்தான். நீச்சல் தெரியாத ரக்ஷனா குதித்துக் காப்பாற்றினாள். முதல் பரிசு.

ஈசூனில் ஒரு சமூக மன்றத்தில் பரிசளிப்பு விழா நடந்தது. நூற்றைம்பது பெற்றோர்கள் திரண்டிருந்தார்கள். ஞானசேகரன் கோட்டு அணிந்து முதல் வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். அலுவலகத் தமிழர்கள் மூவரையும் அழைத்திருந்தார், மூவரும் வந்திருந்தார்கள். மகளின் கழுத்தில் பதக்கம் விழுந்தபோது, தன் செயல்முறை வெற்றி பெற்றுவிட்டதை உணர்ந்து அவர் நெஞ்சு விம்மியது.

சிறப்பு விருந்தினர் விஸ்வலிங்கம், ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர், பிள்ளைகளோடு பேசுவதில் பிரியமுள்ளவர். ஒலிவாங்கியை ரக்ஷனாவிடம் நீட்டி, கட்டுரை தன்னை உருக்கிவிட்டது என்றார். அதில் அம்மா வருகிறார், ஆனந்தக் கண்ணீர் விடுகிறார், எல்லாம் அருமை என்றார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லும்மா. இவ்வளவு பெரிய சம்பவம் நடந்தப்ப உங்க அப்பா எங்க இருந்தாரு?"

ரக்ஷனா மாசிலாமணியைப் பார்த்தாள். முதல் வரிசையைப் பார்த்தாள். பொய் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை.

"அப்பா இதுல இல்ல சார். அப்பா என்கூட இருந்த கட்டுரை வேற. அது வேணாம்னு அப்பாதான் சொல்லிட்டாரு."