படகுக்கு அடியில் நான் மூச்சு விட்ட விவரம்

ஏரிக்கரை டிக்கெட் கூண்டு,
பாப்பாரப்பட்டி வழி.
செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணி.

கொச்சித் துறைமுகத்தில் கப்பல்களுக்கு அடியில் வேலை பார்த்துவரும் அன்பு மச்சான் சுபியானுக்கு, உன் அக்கா புருஷன் ஜமீர் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா வஹிதா சுகம், மகள் அனம் சுகம், ஆட்டுக்குட்டிகள் இரண்டும் சுகம். நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க துவா செய்கிறேன். அதிலும் முக்கியமாக நீ, ஏனென்றால் உன்னால் எனக்கு உடனே ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

போன் இருக்கிற காலத்தில் இந்த ஆள் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். என் மேல்வரிசைப் பல் செட் ஞாயிற்றுக்கிழமை முதல் ஏரிக்குள் கிடக்கிறது. என் போன் சட்டைப் பையில் இருந்தது, அதுவும் நனைந்து செத்துவிட்டது. சட்டையோடு ஏன் தண்ணீரில் இறங்கினீர்கள் என்று கேட்காதே, சளி பிடிக்கும் என்று உன் அக்காதான் கழற்ற விடவில்லை. நேற்று டிக்கெட் கொடுக்கும் யுவராணியின் போனிலிருந்து உனக்கு மூன்று தடவை பேசினேன். நீ மூன்று தடவையும் "யாருங்க, ராங் நம்பருங்க" என்று வைத்துவிட்டாய். பல் இல்லாமல் நான் பேசுவது எனக்கே புரியவில்லை, உன்மேல் வருத்தமில்லை. உன் அக்காவைப் பேசச் சொல்லலாம் என்றால் இந்த விஷயத்தில் அவள் அனம் கட்சி. ஆகவே கூரியரை நம்பி எழுதுகிறேன்.

ஏரியில் படகு விடும் குத்தகை இந்த வருடம் எனக்குக் கிடைத்தது உனக்குத் தெரியும். பன்னிரண்டு பேர் உட்காரும் படகு. என்ஜின் உள்ளே, தண்ணீரைத் தள்ளும் விசிறி அடியில். யாரோ விட்டுப்போன மீன்வலையை அந்த விசிறி பத்து நாளைக்கு முன் வாரிச் சுற்றிக்கொண்டது. கரையில் ஏற்றிப் பார்க்கலாம் என்று டிராக்டர் கட்டி இழுத்தோம். கரை முழுக்கக் கல் பதித்த சரிவு, படகு அசையவில்லை, படகின் மூக்கிலிருந்த கொக்கி மட்டும் பிய்த்துக்கொண்டு டிராக்டரோடு போய்விட்டது. வருகிற வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்து படகில் ஏறிப் பார்ப்பார், ஓடினால் குத்தகை எனக்கு, ஓடாவிட்டால் வேறு ஆளுக்கு. முப்பது வருடமாக நடத்திய மோட்டார் பட்டறையை மூடிவிட்டு, ஊரெல்லாம் சொல்லிவிட்டு இதில் இறங்கியவன் நான். இனி எந்த முகத்தோடு பட்டறையைத் திறப்பேன்? யாராவது படகுக்கு அடியில் போய் அந்த வலையை அறுத்தே ஆகவேண்டும் என்ற நிலை.

யாராவது என்ன யாராவது, நானே போகிறேன் என்றேன். ஆழ்துளைக் கிணற்றில் முந்நூறு அடியில் ஓடும் மோட்டார்களை முப்பது வருடம் ரிப்பேர் பார்த்தவனுக்குத் தண்ணீர் என்ன பெரிய விஷயம் என்று ஒரு திமிர். ரிப்பேர் பார்த்தது எல்லாம் தரையில் வைத்துத்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. முதலில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயை எடுத்து, ஒரு முனையைப் படகு ஓட்டும் சென்னப்பன் கையில் கொடுத்து, மறுமுனையை வாயில் வைத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு அடி வரை மூச்சு வந்தது. நாலு அடிக்குப் போனதும் யாரோ நெஞ்சின்மேல் நெல் மூட்டையை ஏற்றிய மாதிரி ஆகிவிட்டது, எவ்வளவு உறிஞ்சினாலும் காற்று வரவில்லை. சென்னப்பன்தான் முனையை மடித்துப் பிடித்திருக்கிறான் என்று மேலே வந்து அவனைத் திட்டினேன். பாவம், அவன் சரியாகத்தான் பிடித்திருந்தான், குழாய் நீளமாக இருந்தாலும் ஆழத்தில் நெஞ்சு விரியாது என்று அனம் பிறகு சொன்னாள். மறுநாள் பஞ்சர் கடைக் கம்ப்ரசரைக் கொண்டுவந்து காற்றை அடித்து அனுப்பச் சொன்னேன். காற்று வந்தது, கூடவே எண்ணெய்ப் புகையும் வந்தது. ஐந்து நிமிடத்தில் தலை சுற்றி, கரைக்கு வந்து, காலையில் தின்ற இட்லியை யுவராணியின் டிக்கெட் புத்தகத்தின்மேலேயே கக்கிவிட்டேன். அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். நீயும் "டயருக்கு அடிக்கிற காத்த மனுசன் குடிக்கக் கூடாது மச்சான், செத்துப்போவீங்க" என்று கத்திவிட்டு, எண்ணெய் இல்லாத கம்ப்ரசர், முகமூடி, வாயில் கடிக்கும் கருவி, இடுப்புக்கு ஈயப் பட்டை, கயிறு எல்லாம் பார்சலில் அனுப்பினாய். கூடவே உன் கையெழுத்தில் ஒரு பேப்பர். அல்லாஹ் உனக்கு நிறைய கொடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். கயிறு பிடிக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று கிணற்று வேலை செய்யும் பச்சியப்பனை வரச் சொன்னேன். இத்தனை வருடத்தில் அவர் கையில் கயிறு நழுவியதே இல்லை. ஒரு தடவை இழுத்தால் நலமாக இருக்கிறேன், மூன்று தடவை இழுத்தால் மேலே தூக்கு, இதுதானே அனம் சொன்ன உன் கணக்கு? நான் இறங்கி, படகுக்கு அடியில் போய், வலையைப் பார்த்து, ஆஹா மூச்சு வருகிறதே என்ற சந்தோஷத்தில் ஒரு தடவை இழுத்தேன். பச்சியப்பன் உடனே என்னைத் தூக்கினார். நேராக மேலே படகு இருக்கிறதே, மண்டை போய் அதில் மோதியது. மறுபடி நலம் என்று இழுத்தேன், மறுபடி தூக்கினார், மறுபடி மண்டை. இந்த மனிதர் நம்மை விடமாட்டார், மேலேயே போய்விடலாம் என்று மூன்று தடவை இழுத்தேன். அவர் கயிற்றைத் தாராளமாக விட்டார். இடுப்பில் ஈயத்தோடு நான் பன்னிரண்டு அடி இறங்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்துகொண்டு "யோவ் பச்சியப்பா!" என்று கத்தினேன். வாயிலிருந்த கருவி போயிற்று, பல் போயிற்று, உள்ளே ஏரி வந்தது. ஈயப் பட்டையைக் கட்டிவிடும்போது அனம் என் காதில் "அவசரம்னா இந்தக் கொக்கிய இழுங்க அத்தா" என்று சொன்னது எப்படியோ ஞாபகம் வந்து இழுத்தேன், ஈயம் கழன்றது, மேலே வந்தேன். வரும்போது மூச்சைப் பிடித்து வைக்காமல் விட்டுக்கொண்டே வரவேண்டுமாமே, அந்த ஒரு விதியை மட்டும் தப்பில்லாமல் செய்தேன், வழியெல்லாம் பச்சியப்பனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கரையில் அவர் அசையாமல் நிற்கிறார். "ஒருக்கா இழுத்தா தூக்கணும், மூணு தடவ இழுத்தா கயித்த உடணும். எங்க கெணத்துல அப்படித்தானுங்க பாய். இதுல என் தப்பு என்னாங்க?" என்கிறார். சென்னப்பன் தன் பங்குக்கு, "நீங்க அடியில இருக்கறப்ப ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வலை அறுந்துடுச்சான்னு பாக்கலாம்னு சாவியப் போட்டேங்க, அனம் பாப்பாதான் கையத் தட்டிவுட்டுது" என்றான். விசிறி சுற்றியிருந்தால் வலைக்கு முன்னால் நான் அறுந்திருப்பேன். ஈயப் பட்டையைப் பிறகு தூண்டில் போட்டு எடுத்துவிட்டோம். பல் செட் எந்தத் தூண்டிலிலும் மாட்டவில்லை.

மச்சான், இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். இப்போது அனம், "நான் எறங்குறேன் அத்தா" என்று நிற்கிறாள். படிப்பு முடிந்து உன் வீட்டில் ஆறு மாதம் இருக்கட்டும் என்று அனுப்பினேன், நீ அவளுக்கு நீச்சலும் முக்குளிப்பும் கற்றுக்கொடுத்து, கறுப்பு ரப்பர் உடுப்பில் போட்டோவும் எடுத்து, சர்டிபிகேட்டும் கொடுத்து அனுப்பினாய். எல்லாவற்றுக்கும் நீதான் காரணம். அந்தச் சேற்றில் நான் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தலைக்கு மேலே படகு, ஓடி வரவும் முடியாது. நான் போனால் ஒரு கிழவன் போனான் என்று போகும். அவள் போய்க் கயிறு அசையாமல் நின்றுவிட்டால் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்கு வேறு பிள்ளையும் இல்லை. ஆகவே இதைக் கண்டதும் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டு வா. அதுவரை நீ அவளுக்குப் போன் செய்து, தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். உன்னால் வர முடியாது என்றால் வியாழக்கிழமை குத்தகையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். என் ஆயுளில் இனிமேல் வாளித் தண்ணீருக்குமேல் எந்தத் தண்ணீரையும் நம்பமாட்டேன். அந்தப் பச்சியப்பன் முகத்திலும் விழிக்கமாட்டேன்.

உன் வீட்டில் எல்லோருக்கும் சலாம் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், பல் இல்லாததால் மெதுவாகத்தான் இருக்கும். நீ தண்ணீருக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் அல்லாஹ் உன்னைக் காயமில்லாமல் மேலே கொண்டுவரட்டும்.

நெஞ்சு நொந்து,
ஜமீர்

பி.கு.: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. நீ வரவேண்டாம். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்து பார்த்தால், கரையில் உன் அக்கா உன் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பச்சியப்பனுக்குப் பாடம் நடத்துகிறாள். "ஒரு இழுப்பு?" "நல்லாகீறன்னு அர்த்தம்ங்க." "மூணு?" "தூக்கணும்ங்க." தண்ணீரில் குமிழி வந்துகொண்டிருக்கிறது. அனம் உள்ளே. சென்னப்பன் தொடாதபடி படகுச் சாவி அவள் கழுத்தில். நான் ஓடினேன். உன் அக்கா சொல்கிறாள், "நீங்க கடுதாசி எழுத உக்காந்தா எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்னு தெரியுங்க, அதான்." பச்சியப்பன், "இத ஞாயித்துக்கெழமையே சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும் பாய், நீங்கதான் பேசிக்கிட்டே இருந்தீங்க" என்றார். உண்மைதான். பேப்பரின் முதல் வரியே, இறங்கும் முன் கயிற்றுக் கணக்கைக் கரையில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பதுதானாம். நான் வந்த மடிப்போடு பார்சல் பையிலேயே வைத்தவன் பிரிக்கவே இல்லை.

கயிற்றை நான் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு இழுப்பு வந்தது. நானும் ஒரு தடவை இழுத்தேன். நிமிடத்துக்கு ஒரு தடவை அவள் இழுக்க, நான் இழுக்க, இருபத்திரண்டு நிமிடம். வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு மூன்று இழுப்பு வந்தது. நானும் பச்சியப்பனும் சேர்ந்து தூக்கினோம். வலையோடு வந்தாள். படகு ஓடுகிறது.

பேப்பரின் நாலாவது வரி, கழற்றும் பல் இருந்தால் கழற்றி வைத்துவிட்டு இறங்கவும். சேற்றில் தேடினாளாம், கிடைக்கவில்லை. நாளைக்கு இறங்கி மறுபடி தேடட்டுமா என்று கேட்டாள். அவசரமில்லை என்று உன் அக்கா சொல்லிவிட்டாள்.