உப்பு பூசிய நீலக் கார்

பக்கத்துப் பண்ணை மாடு காரை நக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மாமியாரின் போன் வந்தது.

ஆர்லோ மாட்டின் கழுத்துப் பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தான். அது நகரவில்லை. வேலியைச் சாய்த்துவிட்டு வந்த மாடு; வந்த காரியம் முடியாமல் திரும்புவதாக இல்லை. சமையலறை ஜன்னலில் அவன் மனைவி ஜெனீலின் தலை தெரிந்தது.

"அம்மா பேசினாங்க. இருபத்தி நாலாந்தேதி முன்னோடிகள் தின ஊர்வலத்துக்கு எல்கோவிலேருந்து வர்றாங்களாம். அப்பா கார்லதான் உக்காந்து போவாங்களாம்."

"எந்தக் கார்ல?"

"எங்கப்பாவுக்கு எத்தனை கார் இருந்துச்சு? இதோ மாடு தின்னுட்டிருக்கே, அதுலதான்."

ஆர்லோ பட்டையை விட்டுவிட்டான். இனி மாடு நக்கினாலும் ஒன்றுதான், நக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று தோன்றியது.

அது 1954-இல் வாங்கிய நாலு கதவு செடான். இளநீல நிறம். மாமனார் டெல்மர் சாகும்வரை அதைத்தான் ஓட்டினார். முப்பத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் ஒரு நாளும் போனதில்லை. கிரான்ட்ஸ்வில் ஊரில் அவர் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் சர்ச்சுக்குத் தாமதமாக வந்தால் பிஷப் காரணமே கேட்க மாட்டார். யாராவது கிண்டல் செய்தால் டெல்மர் கோபப்பட மாட்டார். மனைவி மார்வாவுக்கு வேகம் என்றால் உயிரே போய்விடும், பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற தனக்குத்தான் அது தெரியும் என்பார்.

அவர் போன பிறகு மார்வா எல்கோவில் அக்காவோடு இருக்கப் போனார். போகும்போது கார் சாவியை ஆர்லோவிடம் கொடுத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கார் யாருக்கு என்பதை ஜூலையில் வந்து சொல்வதாகவும் சொன்னார்.

போட்டிக்கு இரண்டே பேர்தான். ஒருவன் ஆர்லோ. இன்னொருவன் ஜெனீலின் அண்ணன் கிம்பல், பல் வைத்தியன். கிம்பலுக்குக் காரின் மேல் ஆசை எதுவும் கிடையாது. லாஸ் வேகஸில் ஒரு ஹோட்டல் வாசலில் அழகுக்கு நிறுத்திவைக்க, அதை வாங்கும் ஆளைப் பிடித்து வைத்திருந்தான்.

ஆர்லோவுக்கு ஆசை இருந்தது. பள்ளிக்கூட பஸ்களை நேரத்துக்கு அனுப்பிவைக்கும் வேலை அவனுக்கு. நாளெல்லாம் வயர்லெஸ்ஸில் டிரைவர்களிடம் மெதுவாகப் போகச் சொல்லிச் சொல்லியே பிழைப்பு ஓடியது. ஆனால் ஆகஸ்ட் வந்தால் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, வேகப் பந்தயம் நடக்கும் உப்பு வெளிக்குப் போய்விடுவான். அடிவானம் வரை வெள்ளை வெளேரென்று உப்பு. ஒரு மூலையில் புள்ளியாகக் கிளம்பும் வண்டி, சத்தம் வந்து சேர்வதற்குள் ஆளைக் கடந்து போயிருக்கும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பான். அங்கே வெயில் கீழிருந்தும் அடிக்கும். மூக்குத் துவாரத்துக்குள் கிரீம் தடவ மறந்தவன் ஒரு வாரம் தும்ம முடியாது. கயிற்றைத் தாண்டி ஓட்டும் தைரியம் தனக்கு இல்லை என்று ஆர்லோவுக்குத் தெரியும். அங்கே ஓடியவர்களுக்கு மரியாதையாக ஒரு காரையாவது அந்த மாதிரி ஆக்கிவைக்க வேண்டும் என்று நினைத்தான்.

சக்கரத்துக்குத் தட்டையான அலுமினியத் தட்டு நாலு. அவ்வளவுதான் முதலில் எண்ணம். ஆனால் தட்டுகளை மாட்டியதும் கார், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டுகிறவளைப் போல உயரமாகத் தெரிந்தது. ஸ்பிரிங்குகளை வெட்டித் தாழ்த்தினான். தாழ்த்தியதும் பம்பர்கள் தரையில் இடித்தன, கழற்றினான். கழற்றியதும் முகம் பொக்கையாகிவிட்டது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற தோற்றத்துக்கு முன்னால் ஒரு தகடு அடித்தான். பந்தயக் காருக்குப் பின்சீட் எதற்கு என்று அதையும் எடுத்து, கூட வேலை செய்யும் ரூலனுக்குக் கொடுத்தான். கதவில் பெரிதாக 246 என்று எழுதினான். கடைசியில், ஓடி வந்த கார் மாதிரி இருக்கட்டும் என்று உப்பு வெளியிலிருந்து ஒரு வாளி உப்பு கொண்டுவந்து, குழைத்து, சக்கரங்களுக்குப் பின்னால் அப்பினான். நிஜமாக ஓட்டுகிறவர்கள் துருவுக்குப் பயந்து விழுந்து விழுந்து கழுவுகிற உப்பை ஆர்லோ பார்த்துப் பார்த்து ஒட்டவைத்தான்.

அதுதான் மாட்டை வேலி தாண்ட வைத்தது.

ஒரே ஒரு முறை, மார்ச் மாதத்தில், மேற்கே போகும் நேர் ரோட்டில் அந்தக் காரை அறுபது மைல் வேகத்தில் ஓட்டினான். முன்தகடு சீழ்க்கை அடித்தது. வீட்டுக்கு வந்து எதையும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். என்ன சிரிப்பு என்று ஜெனீல் கேட்டாள். சூப் நன்றாக இருக்கிறது என்றான். அன்று சூப் இல்லை.

இப்போது ரூலன் வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். உப்பு வெளியில் வருஷா வருஷம் ஒரு மோட்டார் சைக்கிள் குழுவுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவன் அவன். அந்தத் தகுதியில் எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருப்பான்.

"உங்கத்தை ஒரு தடவை பாத்தாப் போதும்டா. கார் நேரா வேகஸ் போயிடும். அத்தைக்கு ஆம்புலன்ஸ் தனியா வரும்."

"பழையபடி ஆக்கிட முடியுமா?"

"முடியும். இப்படி ஆக்க எவ்வளவு நாளாச்சு?"

"குளிர்காலம் பூரா."

"நமக்கு மூணு நாள் இருக்கு. பதறாதே."

பேசாமல் அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடலாமே என்றாள் ஜெனீல். சொன்னால் கார் போய்விடும் என்றான் ஆர்லோ. சொல்லாவிட்டால் கார் இருக்கும், ஆனால் இந்தக் கார் இருக்காதே என்றாள் அவள். அவன் ஸ்பானரைத் தேடுவதுபோல வெளியே போய்விட்டான்.

முதல் வேலை உப்பைக் கழுவுவது. பஸ் கழுவும் அழுத்தக் குழாயை ரூலன் கொண்டுவந்து பீச்சினான். உப்பு போயிற்று. மாடு நக்கி இளக்கி வைத்திருந்த பெயின்ட்டும் கூடவே போயிற்று. இடது பக்கம் நாக்கு நாக்காகத் தகரம் தெரிந்தது. மறுநாள் காலையில் துரு ஏறி, நாக்குகள் நிறத்திலும் நாக்குகளாக ஆகியிருந்தன.

ஆகவே பெயின்ட். கடைக்காரர் பழைய நிறத்தைப் பார்த்துக் கலந்து கொடுத்தார். டப்பாவில் இருந்தவரை அது டெல்மரின் நீலம். காய்ந்ததும் நீச்சல் குளம். ஒரு கதவு மட்டும் நீச்சல் குளமாக இருந்தால் கேள்வி வரும் என்று கார் முழுக்க அடித்தார்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தபோது, நீலத்துக்கு அடியில் 246 மேடாக எழுந்து நின்றது. ஆர்லோ உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தான். இப்போது எண் மேடாகத் தெரியவில்லை. பள்ளமாகத் தெரிந்தது.

"தடவிப் பாத்தாத்தான் தெரியும், விடு," என்றான் ரூலன்.

"அத்தைக்குக் கண்ணு மங்கல். தடவித்தான் பாப்பாங்க."

ஊர்வலம்தானே, கொடித் துணியைக் கதவில் தொங்கவிட்டால் போயிற்று என்று ஜெனீல் தீர்ப்புச் சொன்னாள். முன்தகட்டைப் பிய்த்த இடத்தில் இருந்த ஓட்டைகளுக்கும் ஒரு கொடித் துணி.

வெட்டிய ஸ்பிரிங் வளராது. ரூலன் எங்கிருந்தோ லாரி ரப்பர் கட்டைகள் கொண்டுவந்து பின்பக்கம் செருகினான். முன்பக்கம் செருக இடமில்லை. பம்பர்களை மாட்டியதும் கார், தரையை மோப்பம் பிடிக்கும் நாயைப் போலக் குனிந்து நின்றது. டிக்கியில் பாரம் ஏற்றினால் சமமாகிவிடும் என்றான் ரூலன். வீட்டில் பாரமாக இருந்தவை, குழாய்த் தண்ணீரின் கடினம் போக்கும் இயந்திரத்துக்கு வாங்கி அடுக்கிய உப்பு மூட்டைகள்தான். வெளியே கழுவின உப்பு இப்படி உள்ளே வந்து உட்கார்ந்தது. மாடு வேலியோரம் நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்சீட்டைத் திருப்பி வாங்கப் போனால், ரூலனின் நாய் அதில் குட்டி போட்டிருந்தது. நாயைக் கொஞ்சம் தூக்கி வையேன் என்றான் ஆர்லோ. ரூலன் கட்டுப் போட்ட தன் கட்டைவிரலைக் காட்டினான். பழைய பள்ளிக்கூட பஸ் சீட் ஒன்று, பச்சை ரெக்ஸினோடு, காருக்குள் போயிற்று. ஜெனீல் தன் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த ஒட்டுத்துணிப் போர்வையை அதன் மேல் விரித்தாள்.

கடைசியாக அலுமினியத் தட்டுகள். அவற்றைக் கழற்ற ஆர்லோ ரூலனை விடவில்லை. தானே ஒவ்வொன்றாகக் கழற்றி, துண்டில் சுற்றி, கார் ஷெட்டின் உயரமான பலகையில் வைத்தான். இறங்கி வந்தவனுக்கு ஜெனீல் குடிக்க ரூட் பியர் சோடா கொடுத்தாள்.

இருபத்தி நாலாம் தேதி காலையில் எல்கோவிலிருந்து வெள்ளை வேன் வந்து நின்றது. வயதானவர்களை ஊர் விட்டு ஊர் கொண்டுபோய் விடும் வெய்லன் என்ற பருத்த டிரைவர் இறங்கி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். மார்வா தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். நேராகக் காருக்குப் போனார். முன்பக்கத்தைத் தடவினார். கொடித் துணிக்கு ஒரு விரல் முன்னால் கை நின்றது.

"அப்படியே இருக்கு, மாப்ளே. அவர் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு."

மூன்று நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சை ஆர்லோ விட்டான்.

ஊர்வலத்தில் அவர்களுக்கு முன்னால் ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகள், அந்த ஊரில் முதலில் குடியேறிய முன்னோடிகள் மாதிரி வேஷம் போட்டுக் கைவண்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஆர்லோ பதமாக ஓட்டினான். அத்தை பயந்துவிடக் கூடாது. மார்வா அவன் பக்கத்துச் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். முகம் இறுகியிருந்தது. பயம்தான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினான். கைவண்டி பார்வையிலிருந்து மறைந்தது. பின்னால் வந்த குதிரைக்காரர்கள் பொறுமையிழந்து இரண்டு பக்கமும் பிரிந்து முன்னால் போனார்கள்.

"வேகம் அதிகமா இல்லையே, அத்தை?"

"இல்ல மாப்ளே. டெல்மர் ஓட்டுற மாதிரியே ஓட்டுறீங்க."

வாழ்க்கையில் அவன் வாங்கிய முதல் பரிசு அது. கண் கலங்கியதால் மெதுவாக்க வேண்டியதாயிற்று.

ஊர்வலம் முடிந்து சர்ச் புல்வெளியில் சாப்பாடு. சீஸ் உருளைக்கிழங்கும் பச்சை ஜெல்லியும் வரிசையாக இருந்தன. மார்வா மகனையும் மருமகனையும் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். கிம்பல் புது டை கட்டியிருந்தான். ஆர்லோவின் நகக்கண்களில் நீச்சல் குள நீலம் இன்னும் போகவில்லை. கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"மாப்ளே, நீங்க வச்சுக்கிட்டதுல ஒரு குறையும் சொல்ல முடியாது," என்றார் மார்வா. "ஆனா உள்ள உக்காந்ததும் அப்படியே அவர் பக்கத்துல உக்காந்து போற மாதிரியே இருந்துச்சு. இனிமே என்னால முடியாது. கிம்பல் வித்துடட்டும். சாப்பிட்டுட்டுப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

கிம்பல் தன் நல்ல பற்களைக் காட்டாமல் இருக்கப் பாடுபட்டான். ஜெனீல் கைக்குட்டையை எடுத்தாள். அம்மாவுக்கு அப்பாவின் நினைவு தாங்கவில்லை என்று மெல்லச் சொன்னாள். ஆர்லோ தலையாட்டினான். தப்பு தன்னுடையதுதான், இவ்வளவு கச்சிதமாகப் பழையபடி ஆக்கியிருக்கக் கூடாது. துக்கத்தில் இருக்கிறவரிடம் போய் எப்படி வாதாடுவது?

எழுந்து போய் சர்ச் படியில் உட்கார்ந்தான். அங்கே வெய்லன் மடியில் தட்டை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடம் கொடுத்து நகர்ந்தார். ஒரு வாய் விழுங்கிவிட்டுப் பேசினார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி, உங்க மாமியார் எப்பவுமே இப்படித்தானா? எல்கோலேருந்து வர்ற வழி பூரா வலது காலால என் வேன் தரையை அழுத்தி அழுத்தி மிதிச்சுக்கிட்டே வந்தாங்க. பாவம் பயப்படறாங்கன்னு நான் மெதுவாக்கினா, 'நீயுமாப்பா? இது பிரேக் இல்ல, ஆக்ஸிலரேட்டர். எங்க வீட்டுக்காரரும் நாப்பது வருஷமா இதைப் பிரேக்குன்னு நினைச்சுத்தான் அந்தக் காரை உருட்டினாரு'ங்கறாங்க."