புகார் பாயின் காதுகள்

சைகோன் நகரம் முழுவதிலும், அடுத்தவன் வாங்கிய அடிக்குத் தன் முதுகைத் தடவிக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் புகார் பாய்தான்.

டோங் டு தெருவில், பள்ளிவாசலுக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்த காரைக்கால்காரர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். கடையில் துணி கிழித்த நேரத்தைவிடக் காவல் நிலையத்தில் வாதாடிய நேரம் அதிகம். ஒருமுறை ஒரு சிப்பாய், சிக்ளோ என்ற மிதி ரிக்‌ஷா ஓட்டியை அறைந்துவிட்டான். அறை வாங்கியவன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். பாய் புகார் கொடுக்கப் போய்விட்டார்.

"அடி பட்டது உமக்கா?"

"இல்ல முசியே. சத்தம் என் காதுல விழுந்துச்சு. காதும் என் உடம்புல உள்ளதுதானே? அப்ப நானும் பாதிக்கப்பட்டவன்."

பக்கத்து வீட்டு நாய் உதைபட்டதற்கும் இதே வாதம். புகார் கொடுத்துத் திரும்பியவரைத் தெருமுனை வரை துரத்தியதும் அதே நாய்தான்.

பிறகு வடக்கிலிருந்து கம்யூனிஸ்டுகளின் டாங்கிகள் வந்தன. கொடி மாறியது, தெருப் பெயர்கள் மாறின, ஊரின் பெயரே மாறியது. முனையில் கட்டிய ஒலிபெருக்கி விடியுமுன்பே பேசத் தொடங்கியது. அது பேசப் பேச நாங்கள் பேச்சைக் குறைத்தோம். சிரிப்பதற்குக்கூட சன்னலைச் சாத்தினோம். பாய் வந்தால் கதவுகளும் வரிசையாகச் சாத்திக்கொள்ளும். அவர் காதில் எது விழுந்தாலும் வார்டு அலுவலகம் வரை போய்விடுமே! எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. அம்மா மீனைக்கூட மெதுவாகத்தான் வறுத்தாள்.

அமெரிக்கக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த பாவத்துக்கு, என் அண்ணன் லூயியைப் 'படிப்பு' என்று சொல்லி முகாமுக்கு அழைத்துப் போனார்கள். சில நாள் என்றார்கள். மழைக்காலம் முடிந்தும் ஆள் வரவில்லை. எங்கே என்று கேட்கப் பயம். கேட்டால் எங்களையும் படிக்க அழைப்பார்களோ என்ற பயம். தலையணையில் வாயை அழுத்தி அம்மா அழுதாள். தலையணை போதவில்லை. காலையில் பாய் வந்து நின்றார்.

"அக்கா, நேத்து அழுதது நீங்கதானே?"

"ஐயோ பாய், உங்க கால்ல விழறேன். இதுக்கு மட்டும் போகாதீங்க!"

"எப்படிப் போவாம இருக்குறது? எனக்குத் தூக்கமே வரல!"

தடுக்கச் சொல்லி அம்மா என்னை ஓடவிட்டாள். நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவர் அதிகாரியின் மேசை முன்னால்.

"பொன்ழூர் முசியே," என்று பழைய பிரெஞ்சு வணக்கம் வைத்தார். எனக்கு உயிர் போனது. "பொன்ழூர் தோழர்," என்று திருத்தினார். மிச்சமிருந்ததும் போனது.

லூயி எங்கே என்று கேட்டார். இளம் அதிகாரி நிமிரவேயில்லை. "குடும்பத்தார் மட்டும்தான் கேட்கலாம். நீ யார் அவனுக்கு?"

காது வாதம் வரப்போகிறது என்று கண்ணை மூடினேன். வரவில்லை. திறந்து பார்த்தால், பாய், சுவரில் சாய்த்து வைத்திருந்த துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

"கௌ," என்றார். தாய்மாமனுக்கு வியட்நாமியர் சொல்லும் சொல்.

"நீ முஸ்லிம். அவன் கிறிஸ்தவன்."

"ஆமா தோழர். அதுலதான் குடும்பத்துல ஓயாத சண்டை."

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் அந்த உறவை எழுதிக்கொண்டான். அண்ணன் இருக்கும் இடம் தெரிந்தது. கருவாடு அனுப்ப விட்டார்கள். பின்னொரு நாள் அண்ணனே வந்தான், பாதி ஆளாக.

அதற்குப் பின் ஒரு நாள், ரேஷன் வரிசையில் யாரோ ஒரு கிழவியைத் தள்ளிவிட்டார்கள் என்று முறையிடப் போன பாயை அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு நாளாகியும் வரவில்லை. அவர் பெண்டாட்டி பிள்ளைகள் கடலுக்கு அந்தப் பக்கம், காரைக்காலில். கேட்க ஆளில்லை. இந்த முறை அம்மா என்னைத் தடுக்கவில்லை. என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

அதே மேசை. அதே அதிகாரி. "நீ யார் அவருக்கு?"

அவர் சொன்ன பொய்தான் என் கையில் இருந்த ஒரே உரிமை. "கௌ..." என்று முனகினேன்.

பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல்: "சத்தமாச் சொல்லு புள்ள! என் காதுல விழல!"

அலுவலகமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்: "என் மாமா!"

நான் கேட்டதாலோ, அவர் வாய் தாங்காமலோ, மாலையில் விட்டுவிட்டார்கள். உள்ளே கொடுத்த கஞ்சியில் உப்பில்லை என்று வீடு வரை குறை சொல்லிக்கொண்டே வந்தார் மாமா.

அந்தக் குரல் இன்றும் என் காதில் விழுகிறது. அவருடைய சட்டப்படி, நானும் பாதிக்கப்பட்டவள்தான்.