எக்பெர்ட்டின் வலது கால்

ரயிலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எக்பெர்ட்டின் வலது கால் பெருவிரல் வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

சேற்றுக்குப் பயந்து பூட்ஸை எப்போதும் போல வீட்டு வாசலில்தான் விட்டிருந்தார். அவர் குனிந்த நேரம் பார்த்து மாடிப்படி விளக்கு தானாக அணைந்தது. எதிர்வீட்டு இரட்டைப் பிள்ளைகளின் பூட்ஸில் நிக்கோலாஸ் தாத்தா வைத்துவிட்டுப் போன ஆரஞ்சு ஒன்று அவர் கை பட்டுப் படியில் உருண்டது. இருட்டில் அதைத் துரத்திப் பிடித்துப் பழைய இடத்தில் வைத்தார். பிறகு அவசரமாகத் தன் பூட்ஸில் காலை நுழைத்தார். இடது கால் போய்விட்டது. வலது கால் போக மறுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திணித்தார். விரல் நுனியில் கல் மாதிரி ஏதோ இடித்தது.

"வந்துடுச்சுடா எக்பெர்ட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

டாக்டர் அக்டோபரிலேயே எச்சரித்திருந்தார். "பன்னித் தொடையையும் பீரையும் குறைங்க. இல்லேன்னா ஒருநாள் காலையில வாதம் வந்து பெருவிரல் வீங்கும். பூட்ஸுக்குள்ள காலே போகாது." எக்பெர்ட் அன்று மாலையே பன்றித் தொடை சாப்பிட்டபடி இதைப் பற்றித் தீவிரமாக யோசித்தார்.

கழற்றிப் பார்க்க நேரமில்லை. ரயிலில் கழற்றலாம் என்றால், மீதி எல்லாக் காலுறையும் துவைக்கப் போனதால் வலது காலில் ஓட்டை உறை. எதிர் இருக்கையிலோ ரோஸ்விதா.

ரோஸ்விதா அவர் வீட்டுக்கு மேல்மாடியில் தனியாகக் குடியிருப்பவள். இருவரும் ஒரே பாட்டுக் குழு. இன்றைக்குக் குழுவே அரண்மனைக்கும் அதன் முற்றத்துக் கிறிஸ்துமஸ் சந்தைக்கும் கிளம்பியிருந்தது. மூன்று வருடமாகக் கிறிஸ்துமஸ் மாலையில் எக்பெர்ட் தனியாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும் சாப்பிடுகிறார். இந்த வருடம் சேர்ந்து சாப்பிடலாமா என்று ரோஸ்விதாவிடம் கேட்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அதைக் குளியலறைக் கண்ணாடி முன் ஐந்து வாரமாகப் பயிற்சி செய்கிறார். கண்ணாடி மட்டும் சம்மதித்திருந்தது.

ஆனால் ரோஸ்விதா ஒருமுறை மாடிப்படியைக் கூட்டிக்கொண்டே சொன்னது அவர் காதிலேயே இருந்தது. "பதினோரு வருஷம் சீக்காளிப் புருஷனைப் பார்த்தாச்சு. இனிமே என் வீட்டுல தைல வாடையே வரக்கூடாது."

அதனால் இன்று முழுக்க நொண்டக் கூடாது.

ரயிலில் ரோஸ்விதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில பூட்ஸ் மாட்டறப்போ..."

"அருமையா மாட்டினேன்" என்று எக்பெர்ட் குறுக்கே பாய்ந்தார். "வெண்ணெய் மாதிரி உள்ளே போச்சு. எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்!"

ரோஸ்விதாவின் முகம் சிவந்தது. "சரி, சரி. இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்டுபிடித்துவிட்டாள் என்று எக்பெர்ட் நொந்துகொண்டார்.

ரயிலை விட்டு இறங்கி வைத்த முதல் அடியிலேயே உயிர் போனது. விழாமலிருக்கக் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது ரோஸ்விதாவின் கை.

அவள் நின்றாள். கையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "எக்பெர்ட்! இன்னும் அரண்மனைக்கே போகலையே."

"வழுக்குது."

தரையில் புதிதாக மணல் தூவியிருந்தது. ஒரு பொட்டுப் பனிக்கட்டி கிடையாது. "ஆமா ஆமா, ரொம்பத்தான் வழுக்குது" என்று அவள் சிரித்தாள்.

பரிதாபம் பார்க்கிறாள் என்று தோன்றியது. கையை விட்டுவிடலாம் என்று நினைத்தார். விட்டால் விழுவார். ஆகவே இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

சந்தையில் இரும்புக் கூடையில் விறகு எரிந்துகொண்டிருந்தது. வாதத்துக்குச் சூடு நல்லது என்று எங்கோ படித்த ஞாபகம். ரோஸ்விதா மசாலா ஒயின் வாங்கப் போன இடைவெளியில், நெருப்புக்கு நேராக வலது காலை நீட்டிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார். குழுவில் யாரோ படம் வேறு எடுத்தார்கள்.

ரோஸ்விதா இரண்டு கோப்பையோடு வந்தாள். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் எடுத்தாள்.

"வாத்துக்கறி உங்களுக்கு ஒத்துக்குமா?"

பத்தியம் விசாரிக்கிறாள்! எக்பெர்ட் நிமிர்ந்தார். "வாத்தா? கொழுப்போட முழுசா சாப்பிடுவேன்."

"கொழுப்போட" என்று எழுதிக்கொண்டாள். "தூங்கும்போது ஜன்னலைத் தொறந்து வைப்பீங்களா, மூடி வைப்பீங்களா?"

"தொறந்துதான். பனி கொட்டினாலும் தொறந்துதான்!"

"அப்பாடா" என்றாள் ரோஸ்விதா.

எந்த நர்ஸும் இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பு எடுத்ததில்லை. எக்பெர்ட்டுக்கு அழுகை வரும்போல் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெண் அவரைப் பற்றி நோட்டில் எழுதுகிறாள், அதுவும் நோயாளியாக.

அந்த நேரத்தில் பூட்ஸுக்குள் ஏதோ இளகியது. வெதுவெதுப்பாக விரல்களுக்கிடையே வழிந்தது. கட்டி உடைந்துவிட்டது என்று முடிவுகட்டினார். ஆனால் கல் மட்டும் அப்படியே இருந்தது. பிடி தளர்ந்ததில் அது இப்போது காலுக்கடியில் உருளவும் ஆரம்பித்தது.

அரண்மனை வாசலில் பெரிய கூடை நிறைய கம்பளிச் செருப்புகள். மரத்தரை கீறாமலிருக்க எல்லோரும் பூட்ஸுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு சறுக்கியபடி போக வேண்டும். கூடைக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தும் கட்டைக்குரலுமாக ஒரு காவல்காரம்மா நின்றாள்.

"ஜோடி ஜோடியா கை கோத்துக்கிட்டுப் போகாதீங்க. ஒருத்தர் விழுந்தா ரெண்டு பேரும் விழுவீங்க. சார், உங்களைத்தான்!"

எக்பெர்ட் விடவில்லை. ரோஸ்விதாவும் விடச் சொல்லவில்லை.

மூன்றாவது கூடம் நடன மண்டபம். பாதி தூரம் போயிருப்பார்கள், பின்னாலிருந்து காவல்காரம்மாவின் கட்டைக்குரல் வந்தது.

"அப்படியே நில்லுங்க எல்லாரும்! யாரது நாய் அசிங்கத்தை மிதிச்சுட்டு உள்ளே வந்தது?"

முப்பது பேர் திரும்பினார்கள். பளபளத்த தரையில் வாசலிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒற்றைக்கால் தடம். அது நேராக எக்பெர்ட்டிடம் வந்து முடிந்தது. பழைய பூட்ஸின் தையல் எப்போதோ விட்டிருந்தது; கசிந்தது கம்பளிச் செருப்பையும் தாண்டியிருந்தது.

யாரும் நெருங்குவதற்குள் துடைத்துவிடலாம் என்று இடது செருப்பால் தேய்த்தார். ஒரு புள்ளியாக இருந்தது பூக்கோலமாக விரிந்தது. இன்னும் வேகமாகத் தேய்த்தார். கால் வழுக்கியது. ரோஸ்விதாவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கம்பளிச் செருப்பு சும்மா இருக்குமா? இருவரும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, சரவிளக்குக்கு நேர் கீழே வந்து நின்றார்கள். பாட்டுக் குழு கைதட்டியது.

"எல்லார் முன்னாலயுமா!" என்றாள் ரோஸ்விதா, மூச்சு வாங்க.

இனி மறைத்துப் பயனில்லை. "ரோஸ்விதா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன்..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குப் புரிஞ்சுபோச்சு. வெளியில சந்தையில எனக்கு அவசரமா ஒரு வேலை இருக்கு. நீங்க மெதுவா வாங்க."

போய்விட்டாள். எக்பெர்ட்டைக் காவல்காரம்மா வாசல் பெஞ்சுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"கழட்டுங்க."

"வேண்டாம்மா. வாதம். உள்ளே கட்டி உடைஞ்சிருக்கு."

"கழட்டுங்க சார்."

பூட்ஸ் கழன்று வந்தது. ஓட்டை உறை வழியாகப் பெருவிரல் எட்டிப் பார்த்தது. பழுப்புப் பூச்சுக்குள் கொஞ்சமும் வீக்கமில்லாத, ஆரோக்கியமான விரல். காவல்காரம்மா குனிந்து முகர்ந்தாள்.

"சாக்லேட்."

பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு வால்நட் விழுந்து உருண்டது. நசுங்கிய தங்கக் காகிதம் விழுந்தது. கடைசியாக, சுருட்டிய சீட்டு வைத்த சின்ன பிளாஸ்டிக் பை ஒன்று விழுந்தது.

"இன்னைக்கு டிசம்பர் ஆறு. வாசல்ல விட்ட பூட்ஸுக்குள்ள பரிசு வைக்க நிக்கோலாஸ் வந்திருக்கார். வீட்டுல சின்னப் பிள்ளைங்க உண்டா?"

"நான் மட்டும்தான்."

"அப்ப உங்களுக்குத்தான்."

பைக்குள் தெரிந்த கையெழுத்து எக்பெர்ட்டுக்குத் தெரியும். மாடிப்படி கூட்டும் முறைப்பட்டியலை வாராவாரம் எழுதி ஒட்டும் கையெழுத்து. பையை எடுத்துக் காவல்காரம்மாவிடமே நீட்டினார்.

"நீங்களே படிங்கம்மா. பதற்றத்துல எனக்குக் கண்ணு தெரியல."

காவல்காரம்மா சீட்டைப் பிரித்தாள். "'எக்பெர்ட், இந்தக் கிறிஸ்துமஸுக்கு மாடிக்கு, என் வீட்டுக்கே வந்துடுங்க. அப்புறம் கீழே இறங்கணும்னு அவசியமில்ல.'"

எக்பெர்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு! அவங்க நாள் முழுக்கப் பதிலுக்குக் காத்திருந்திருக்காங்க. நான் பூட்ஸ் வெண்ணெய் மாதிரி போச்சுன்னு சொல்லிட்டிருந்தேன். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலையே!"

"இருங்க, இன்னும் இருக்கு" என்றாள் காவல்காரம்மா, சீட்டின் மறுபக்கத்தைத் திருப்பி. "'வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம், உங்களுக்கு அது வராது. சம்மதம்னா அரண்மனையில ஒரு நிமிஷம் என் கையைப் பிடிங்க, போதும்'னு எழுதியிருக்கு. நீங்க டான்ஸே ஆடிட்டீங்களே சார்!"