கல்லறைக்கு ஒரு ஓட்டு

மனிதன் கட்டியதில் நாட்டிலேயே தலைசிறந்தது எது? பொதுமக்களே கைப்பேசியில் ஓட்டுப் போடலாம் என்று அறிவிப்பு வந்த அன்றே நாறும்பூநாதன் சபதம் எடுத்துவிட்டார். தாஜ்மகால் தோற்க வேண்டும். தன் ஊர் வண்ணார்பேட்டை ஆற்றுப்பாலம் ஜெயிக்க வேண்டும். மறியல், உண்ணாவிரதம், சிறை எல்லாம் பார்த்தவர் அவர். ஊர் ஒரு துண்டுகூடப் போர்த்தவில்லை. பாலத்துக்காவது மரியாதை கிடைக்கட்டும்.

ஒரே சிக்கல். ஓட்டுப் போடுகிற கைப்பேசி மனைவி ஞானம்பாளுடையது.

"ஏட்டி, பாலத்துக்குப் போடு."

"தாஜ்மகாலுக்குத்தான். பொண்டாட்டிக்குன்னு கட்டினாம்லா?"

"அது கல்லறைட்டி! செத்தவளுக்குக் கட்டினது!"

"இங்க உயிரோட இருக்கவளுக்குக் குளிக்க நாலு தகரம். காத்தடிச்சா அதுவும் கை தட்டுது. எத்தனை வருசமா கேக்கேன்?"

"போராட்டக்காரன் வீடு அப்படித்தான் இருக்கும்."

மறுநாள் அவள் பத்தமடையில் தங்கையைப் பார்க்கக் கிளம்பினாள். கைப்பேசி வீட்டிலேயே கிடந்தது. நாறும்பூநாதன் மீசைக்குள் சிரித்தார்.

அந்தி. இலை அசையவில்லை. தெருநாய்கூட வாயைத் திறக்கவில்லை. பாலத்தின் படத்தை நோக்கி விரலைக் கொண்டுபோனார்.

புறவாசலில் தகரம் தடதடத்தது. காற்றே இல்லை. உள்ளே சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர். பாழுங்கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல ஒரு குரல்.

"ஏலே... நாறும்பூ..."

பேயே இல்லை என்று துண்டறிக்கை அடித்து ஊரூராய்க் கொடுத்தவர் அவர். இதற்கு அந்தத் துண்டறிக்கையில் பதில் இல்லை.

"யா... யாரு வே அது?"

"இசக்கிமுருகன்லே..."

கூடச் சிறையிருந்த தோழன். போன ஆடியில் அவன் சிதைக்கு முன்னால் கோஷம் போட்டவரே இவர்தான்.

"என்ன வே வேணும்?"

"கல்லறை... கட்டுலே..."

"உமக்கா?"

"உன் பொண்டாட்டிக்கு... பொங்கலுக்குள்ள..."

பொங்கலுக்குள் ஞானமா? அவள் இல்லாத அடுப்படியை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். போலீஸ் வேனுக்குள்ளும் முழங்கியவர் தகரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அவள விட்டுரும் வே!"

"கட்டுவியா, மாட்டியா?"

"கட்டுதேன்! கட்டுதேன்!"

"ஓட்டு?"

விரல் தாஜ்மகாலில் விழுந்தது.

தகரக் கதவு பையத் திறந்தது. வாயருகே பிடித்திருந்த வெறும் பித்தளைக் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஞானம்பாள் வெளியே வந்தாள்.

"நாளைக்கே கொத்தனார வரச் சொல்லுங்க."

"ஏட்டி! கல்லறைன்னுல்லா சொன்ன?"

"ஆமா, கல்லு வச்ச அறை. இத்தனை துண்டறிக்கை எழுதியிருக்கீங்க, சேத்து எழுதினா எப்படி வரும்னு தெரியாதா?"