அத்தையின் பாத அளவு

நேராகக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயத்தைத் துப்பறிந்து கண்டுபிடிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும் முட்டாள் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

தொண்ணூறுகளில் சிங்காநல்லூரில் குடியிருந்தோம். கைக்குழந்தையோடு திண்டாடிய என் மனைவி சாந்திக்குத் துணையாக, தாராபுரத்திலிருந்து மாமியார் வந்திருந்தார். காட்டு மண்ணில் நடந்து பழகிய அவருக்கு எங்கள் மொசைக் தரை ஒத்துக்கொள்ளவில்லை, குதிகால் வலி. “ஊட்டுக்குள்ளயும் மெத்துனு செருப்புப் போடோணுங்க” என்றார் டாக்டர். அத்தையோ, “இந்தத் தரை நமக்கு ஆகாது அம்மணி, ஞாயித்துக்கெழம ஊருக்குப் போறேன்” என்று மகளிடம் சொல்லிவிட்டார். சாந்திக்கு அழுகையே வந்துவிட்டது. (குழந்தை வளர்ப்பில் என் உதவி எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.)

சத்தமில்லாமல் செருப்பு தைத்துக் கொடுத்து அசத்த முடிவு செய்தேன். அளவுக்கு எங்கே போவது? அத்தை என்னிடம் நேராகப் பேசமாட்டார். என் தலை தெரிந்தாலே புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொள்வார். மூட மூட, அந்தப் பாதம் எப்படித்தான் இருக்கும் என்று எனக்கு ஆர்வம் பொங்கியது.

ஒரு விடியற்காலை, குளியலறை வாசலில் கோலமாவைத் தூவிவிட்டுக் காத்திருந்தேன். சற்று நேரம் கழித்து வந்து பார்த்தால் அருமையான ஒரு சுவடு! செய்தித்தாளில் வரைந்துகொண்டு ஓடினேன். (இடையில் நானும் ஒருமுறை குளியலறைக்குப் போய் வந்தது அப்போது நினைவில் இல்லை.)

செருப்பு தைக்கும் பாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங்க, பொம்பளை காலா இது?”

“காட்டுல நடந்த காலுங்க பாய்!” என்றேன் பெருமையாக.

ஞாயிறு காலை. அத்தை கையில் ஊருக்குப் போகும் பை. செருப்பை நீட்டினேன். அவர் கால் அதற்குள் பரிசல் போல மிதந்தது.

“நீங்க போட்டுப் பாருங்க” என்றாள் சாந்தி, சந்தேகத்தோடு. அளவெடுத்துத் தைத்ததுபோல் எனக்குப் பொருந்தியது.

வேறு வழியில்லாமல் கோலமாவுக் கதையைச் சொன்னேன். அத்தை பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் குழந்தையே விழித்துக்கொண்டது. பிறகு அவருக்குச் சரியான ஜோடி வந்தது. குழந்தை நடக்கிறவரை எங்களோடுதான் இருந்தார். இன்றும் நான் எதையாவது தேட ஆரம்பித்தால், அன்று அவர் முதன்முதலாக என் முகம் பார்த்துச் சொன்னதைத்தான் வீட்டில் எல்லோரும் சொல்லிக் காட்டுகிறார்கள்:

“என்ற பழைய செருப்பு வாசல்லயேதானுங்க மாப்ள கெடக்குது.”