வெண்டைக்காய்க்காரரும் பன்னிரண்டாவது மாடியும்

பினாங்கு மாநிலத்தில் என் மாமனாரைவிடப் பிடிவாதம் பிடித்த ஓர் ஆளை யாராவது காட்டினால், அவர் காலில் விழுந்து கும்பிடத் தயார். காட்ட முடியாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

போன வருடம் அவர் இறந்தபோது வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "நல்ல உழைப்பாளி. நல்ல குடும்பஸ்தர்." உழைப்பாளி என்பது சரி. மாடுகூட அவரைப் பார்த்தால் வெட்கப்படும். குடும்பஸ்தர் என்றார்களே, அதைக் கேட்டுத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீடு என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன்.

நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் அவருக்கு நாலு ஏக்கர் நிலம். மேடு பள்ளம் எதுவும் கிடையாது. தட்டில் ஊற்றிய தோசை மாவு மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் சமமாகக் கிடக்கும். அதில் வெண்டைக்காய் போட்டார். நாற்பது வருடம் வெண்டைக்காய் மட்டும்தான் போட்டார். அவருடைய பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. ஊருக்கும் பசாருக்கும் அவர் வெண்டைக்காய்க்காரர்.

வெண்டைக்காயை ஒரு நாள் பறிக்காமல் விட்டால் முற்றிப்போகும், யாரும் வாங்க மாட்டார்கள். இதைக் காரணம் காட்டி அந்த மனிதர் நாற்பது வருடம் எந்த நல்லது கெட்டதுக்கும் ஒழுங்காகப் போகவில்லை. "அந்தாளுக்கு வெண்டிக்காதான் மொத பொஞ்சாதி. நான் சும்மா சமைச்சுப் போட வந்தவ," என்பார் என் மாமியார்.

நான் சாந்தியைப் பெண் பார்க்கப் போன அன்று அவர் தோட்டத்திலிருந்து நேராக வந்தார். கையில் கத்தி. கால் முழங்கால் வரை சேறு. ஜுருவில் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை, நிரந்தரம், போனஸ் உண்டு என்று என் அப்பா பெருமையாக அடுக்கினார். இவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பிக்குக் குனிய வருமா?"

"என்னங்க?"

"குனிய. இடுப்ப வளைச்சு. எவ்வளவு நேரம் தாங்குவீங்க?"

அன்றே நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வாழை மரம் கட்ட வேண்டும். தோட்டத்து ஓரத்தில் அவரிடமே பத்துப் பன்னிரண்டு வாழை இருந்தது. வெட்டிக் கொண்டுவந்தாரா? இல்லை. இரண்டு மரத்தை வேரோடு தோண்டி, மண்ணோடு சாக்கில் கட்டி, லாரியில் ஏற்றிவந்து நிறுத்தினார். கல்யாணம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் நடுவாராம். பட்டுச்சேலை கட்டிவந்த பெண்கள் எல்லாரும் அந்தச் சேற்றில் கால் வைத்துத்தான் உள்ளே வந்தார்கள். தாரை வார்க்கும்போது ஐயர் சொம்பைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். இவர் செடிக்கு ஊற்றுகிற மாதிரி ஒரே கவிழ்ப்பு. நான் இடுப்புவரை நனைந்த வேட்டியோடு தாலி கட்டினேன். பந்தியில் பாயசம் வருவதற்குள் மாமனாரைக் காணோம். லாரியையும் வாழையையும் காணோம். காய் முற்றுகிறதாம்.

பிறகு நாங்கள் ஜார்ஜ் டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தோம். பன்னிரண்டாவது மாடி, அதுதான் கடைசி மாடி. சாந்திக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அப்பா ஒரு தடவை வீட்டுக்கு வர வேண்டும், தன் கையால் போடுவதை ஒரு வேளை சாப்பிட வேண்டும். நகை கேட்டாளா, ஓட்டிப்போகக் காடி கேட்டாளா? இதைத்தான் கேட்டாள். அதற்குப் பதினொரு வருடம் காத்திருந்தாள்.

தூரம் என்று சொல்ல முடியாது. வாரத்தில் மூன்று நாள் அந்த மனிதர் கடல் பாலம் தாண்டி எங்கள் பக்கத்துப் பசாருக்குச் சரக்கு கொண்டுவருவார். முடித்துவிட்டு எங்கள் கட்டடத்துக்கே வந்து, காவலாளி அறைக் கம்பியில் ஒரு பை வெண்டைக்காயை மாட்டிவிட்டுப் போய்விடுவார். மேலே வர மாட்டார். சாந்தி ஒவ்வொரு தடவையும் போன் போட்டுச் சண்டை பிடிப்பாள்.

"ஏன்ப்பா, கீழ வரைக்கும் வந்துட்டு மேல வர முடியாதா?"

"உரம் வருதும்மா இன்னிக்கு."

"போன வாரமும் உரம்தானே சொன்னீங்க?"

"இது வேற உரம்."

எங்களுக்கு மகள் பிறந்து பெயர் வைத்தோம். வரவில்லை. தோட்டத்துக்குக் கிளி வந்துவிட்டதாம். தீபாவளிக்குக் கூப்பிட்டோம். தண்ணீர் வந்துவிட்டதாம். என் மாமியார் மட்டும் பஸ் பிடித்து வந்து பத்து நாள் தங்குவார். இந்த மனிதருக்கு மகள் வீடு அவ்வளவு கேவலமா என்று எனக்கு ஆத்திரம் பொங்கும். சாந்தி அழுவாள். நான் திட்டுவேன். அப்பாவைத் திட்டினதற்கு அவள் என்னைத் திட்டுவாள். அவர் தந்த வெண்டைக்காயையே வதக்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவோம்.

அப்புறம் எனக்கு வேலை போயிற்று. தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சாந்தியிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். இரண்டு வாரம் கழித்துக் காவலாளி அறையில் பை மாட்டவில்லை. மூட்டை கிடந்தது. வெண்டைக்காயோடு அரிசி, பருப்பு, கருவாடு, முட்டை, குழந்தைக்குப் பிஸ்கட். அடுத்த தடவையும் மூட்டை. நான் சாந்தியைப் பிடித்துக் கத்தினேன்.

"நீதானே சொன்னே?"

"சத்தியமா இல்லைங்க. அம்மாகிட்டகூட மூச்சு விடல."

மூன்று மாதத்தில் வேறு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கேயும் நீலச் சட்டைதான் சீருடை. மூட்டை மறுபடி பையானது. எப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை.

விளங்க வைத்தவர் கீழே நாசி லெமாக் சோறு விற்கும் அக்கா. ஒரு நாள் நானும் சாந்தியும் அவர் கடையில் நின்றபோது, சாந்தி வழக்கம்போல அப்பாவைப் பற்றிப் புலம்பினாள். அக்கா சிரித்துவிட்டார்.

"உங்கப்பாவா? ஒவ்வொரு தடவையும் இங்கதான்லா தே தண்ணி குடிப்பாரு. அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பாரு. பன்னண்டாவது மாடி, எடது பக்கத்துலேந்து மூணாவது ஜன்னல்."

"எதைப் பாக்கறாரு?"

"உங்க வீட்டுத் துணிய. கழியில காயுதே, அத. 'துணி காயுது, நல்லாருக்காங்க'ன்னுட்டுப் போயிருவாரு. பாப்பா பொறந்தப்ப சின்னத் துணியெல்லாம் எண்ணுவாரு."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு தடவ சொன்னாரு, 'ரெண்டு வாரமா நீலச் சட்ட காயல, மாப்ளைக்கு வேல போயிருச்சு. கேட்டுறாதீங்க, ரோசக்காரன்'னு."

எனக்குக் காது சுட்டது. செடியைப் பார்க்கிற மாதிரி கீழே நின்று என் சட்டையைப் பார்த்து எனக்கு நோய் கண்டுபிடித்திருக்கிறார்!

"மேல வந்து பாக்கறதுக்கு என்னவாம்?" என்று கேட்டேன்.

"லிஃப்ட் பயம்லா அவருக்கு. கதவு தொறக்கும், ஒரு கால வைப்பாரு. உடனே பின்னாடி எடுத்துருவாரு. எத்தன தடவ பாத்துட்டேன்."

பதினொரு வருட உரம், கிளி, தண்ணீர் எல்லாம் பொய். தோட்டத்தில் புகுந்த காட்டுப்பன்றியைக் கம்பால் விரட்டிய மனிதருக்கு ஓர் இரும்புப் பெட்டியைக் கண்டு நடுக்கம். அதை மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. தட்டையான பூமியில் பிறந்து, வாழை மரத்துக்கு மேல் எதையும் பார்க்காமலே வாழ்ந்தால் இப்படித்தான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சாந்தி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கழியிலிருந்த துணி முழுவதையும் உருவி உள்ளே போட்டாள்.

"இனிமே ஒரு கைக்குட்டகூட வெளிய காயக் கூடாது. எத்தன நாளைக்குத் தாங்குறாருன்னு பாக்கறேன்."

"போன் போட்டுக் கேட்டுட்டா?"

"கேக்க மாட்டாரு. கேட்டா, கீழ நின்னு பாக்கறது தெரிஞ்சிருமே."

மாமியாரும் இதில் கூட்டு. மாமனார் விசாரித்தால், "போயிப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்வதாக ஏற்பாடு. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டித் துணி தொங்கியது. நான் ஈரப் பனியனோடு வேலைக்குப் போனேன். சரக்கு வரும் நாளெல்லாம் சாந்தி ஆட்டுக்கறிக் குழம்பு வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். செவ்வாய் வரவில்லை. வியாழன் வரவில்லை.

சனிக்கிழமை காலை, எனக்கு விடுமுறை. கதவு இடிபட்டது. திறந்தேன். வெளிக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு மாமனார் நின்றார். வெண்டைக்காய்ச் சுணை ஒட்டிய முழுக்கைச் சட்டை, சேற்றுப் பூட்ஸ். பன்னிரண்டு மாடியும் படி ஏறி வந்து மூச்சு வாங்கியதில் முகம் கறுத்துப்போயிருந்தது. மகளைப் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லாரும் உயிரோடு இருந்தோம்.

"துணி எங்க?" என்றார்.

"உள்ள வாங்கப்பா, காட்டுறேன்," என்றாள் சாந்தி.

என் ஜட்டிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து உள்ளே வந்தார். குனிவது அவருக்கு நன்றாக வரும். கயிறுகளை நிமிர்ந்து பார்த்தார். ஏமாற்றப்பட்டது புரிந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார்.

"பசிக்குது," என்றார்.

ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். முடித்ததும், "உப்புக் கொஞ்சம் கம்மி" என்றார். பாராட்டாம். சாந்தி அதைக் கேட்டுச் சமையலறைக்குள் ஓடினாள், முகத்தைத் துடைத்துக்கொள்ள.

அது ஒரு தடவைதான். அதற்கப்புறம் முழங்கால் மூட்டு விடவில்லை, போன வருடம் ஆளும் போய்விட்டார்.

அன்று சாப்பிட்டு அவர் கிளம்பியபோது நானும் கூடவே கிளம்பினேன். "லிஃப்ட்ல போலாம் மாமா, நான் கையப் புடிச்சுக்கறேன்," என்றேன்.

"நீங்க போங்க மாப்ளே. நான் எறங்கி வந்துருவேன்."

விட்டுவிட்டுப் போக முடியுமா? சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினார். நின்ற இடத்திலெல்லாம் என்னைக் குறை சொன்னார். "சட்டக் காலர நல்லாத் தேச்சுத் தொவைங்க மாப்ளே. கீழேந்து பாத்தாலே அழுக்கு தெரியுது." ஐந்தாவது மாடியில் என் தோளைப் பிடித்தார். பிறகு விடவில்லை.

கீழே வந்து சேர அரை மணி நேரம் ஆயிற்று. கட்டடம் கட்டினவன்கள் பன்னிரண்டு மாடியோடு நிறுத்திவிட்டான்கள், கஞ்சப் பயல்கள்.